ஜீவிய சரித்திரத்தை நிறுத்தாதீர்கள்: சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகர ஆயர் ஐயா அவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

அடக்க ஆராதனையில், இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லும் ஜீவிய சரித்திரம் வாசிப்பதை இனி நிறுத்துவது என்று முடிவெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக ஒரு படிவம்: பெயர், வயது, தொழில், வாரிசுகள் என்று நான்கு கட்டம். ஆராதனைத் தொடக்கத்தில் அதை வாசித்துவிட்டுப் போதனைக்குப் போய்விடலாம் என்பது திட்டம். மாத இதழிலும் அந்த நான்கு வரிதான் இலவசம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கால் பக்கம், அரைப் பக்கம், முழுப் பக்கம் என்று கட்டணம். இதை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கும் இந்தச் சேகரத்தில் பல ஆண்டுகளாகச் சரித்திரம் எழுதிக் கொடுப்பவர்களும், அதை டைப் அடிப்பவர்களும், பழைய பதிவேட்டைப் புரட்டித் தேதி எடுத்துக் கொடுப்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

உங்கள் பக்கத்து நியாயத்தை மறுக்கவில்லை. சரித்திரம் இருபத்தைந்து நிமிடம் ஓடுகிறது. சித்திரை வெயிலில், தெருவை அடைத்துப் போட்ட சாமியானாவுக்குக் கீழே, வயதானவர்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மூத்த பேரன் எந்தக் கம்பெனியில் என்ன பதவி, இரண்டாவது பேத்தி எந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினாள் என்று பட்டியல் நீள்கிறது. இறந்தவரின் எண்பது தொண்ணூறு வருஷத்துக்குக் கிடைப்பது, "ஜெப வீராங்கனையாகவும் அனைவரிடமும் அன்பாகப் பழகுபவராகவும் விளங்கினார்" என்ற ஒரு வரி. பெயரை எடுத்துவிட்டு அந்த வரியைப் போன மாதம் அடக்கமானவருக்கும் அடுத்த மாதம் அடக்கமாகப் போகிறவருக்கும் வாசிக்கலாம். இடையில் "பூர்வீகம்" என்று தொடங்கிச் சாதியை நாசூக்காகச் சொல்லிவிடும் வேலையும் நடக்கிறது. இதையெல்லாம் கேட்டுச் சலித்துத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். சலிப்பு எங்களுக்கும் உண்டு. ஆனால் எழுதும் முறையில் இருக்கும் கோளாறுக்குச் சரித்திரத்தையே எடுத்துவிடுவது எந்த ஊர் வழக்கம்?

புதிய படிவம் முதன்முதலில் யாருக்கு நிரப்பப்பட்டது என்று பாருங்கள். தொண்ணூறு வயது தாண்டிய ஒரு அம்மா. குடும்பத்தார் விருப்பப்படி பெயரை இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். தொழில் என்ற கட்டத்தில் "இல்லத்தரசி" என்று எழுதி வாசித்தீர்கள். மூன்றாவது வரிசையில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் நம் பெண்கள் ஐக்கியத்தின் பிடி அரிசியை நெடுங்காலம் நடத்தியவர். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது, அதை ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுவருவது; இது எல்லோருக்கும் தெரியும். நடத்துகிறவருக்கு மட்டும் தெரிந்த பக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு பெண்ணின் கைப்பிடி ஏறக்குறைய ஐம்பது கிராம். நாளுக்கு ஒரு பிடி என்றால் வீட்டுக்கு மாதம் ஒன்றரைக் கிலோ. நாற்பது வீடு ஒழுங்காகப் போட்டால் அறுபது கிலோ. நான்கைந்து குடும்பம் ஒரு மாதம் சாப்பிடும் அரிசி அது. ஆனால் வருவது ஒரே அரிசி இல்லை. ரேஷன் புழுங்கலும் பொன்னியும் பச்சரிசியும் கலந்து வரும். அப்படியே கொடுத்தால் ஒன்று குழையும், ஒன்று விதைவிதையாக நிற்கும்; வாங்குகிறவர்களுக்கு அது அரிசி இல்லை, அவமானம். அதனால் மூன்று பை வைத்துக் கோயில் வாசலிலேயே பிரித்து வாங்கினார். வண்டு வராமல் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டு வைத்தார். யாருக்கு எத்தனை படி போனது என்ற கணக்கு நோட்டில் வாங்கியவர் பெயர் இருக்காது, வீட்டுக்கு ஒரு குறி மட்டும் இருக்கும். அடுத்து வருகிற செயலர் நோட்டைப் புரட்டி யார் வறுமையையும் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக.

இன்னொரு வேலையும் அவருடையது. சபையில் ஒரு பெண் இறந்தால் குளிப்பாட்டி உடுத்த முதலில் ஆள் அனுப்புவது அவர் வீட்டுக்குத்தான். உயிர் பிரிந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடையும் கழுத்தும் விறைக்கத் தொடங்கும். பிறகு கை, கால். நம் ஊர் வெயிலில் அது இன்னும் சீக்கிரம். அதற்குள் கண்ணை மூடி, தாடையைத் துணியால் தூக்கிக் கட்டி, கைகளை நேராக்கி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். அழுகிற வீட்டில் இதை யாரும் நினைக்க மாட்டார்கள். தாமதமாகிவிட்டால் ரவிக்கையை முதுகுப் பக்கம் வெட்டித்தான் போட முடியும். வளையல் கழலாவிட்டால் சோப்பு நுரை போட்டுத் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டும், இழுத்தால் தோல் உரிந்துவிடும். நோய்ப்படுக்கையில் புண்ணோடு இறந்தவர்களையும், தீப்பட்டு இறந்தவர்களையும் இப்படி உடுத்தி, முகம் பார்க்கும்படி பெட்டியில் வைத்தது அந்தக் கைகள். அந்தக் கைகளுக்கு நான்கு கட்டத்தில் எந்தக் கட்டம்?

வேதத்தில் தொற்காள் இறந்தபோது என்ன நடந்தது என்று ஆயர் ஐயாவுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரம். விதவைகள் அவளை நல்லவள், அன்பானவள் என்று பேதுருவிடம் வருணிக்கவில்லை. அவள் தைத்துக் கொடுத்த துணிகளை எடுத்துக் காட்டினார்கள். சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. துணியைக் காட்டு. குணத்தை ஜனங்களே தெரிந்துகொள்வார்கள்.

இனி, சரித்திரம் ஏன் கெடுகிறது என்பதற்கு வருவோம்.

பெரும்பாலும் நேரம்தான். இரவில் இறப்பு, மறுநாள் மாலை நான்கு மணிக்கு அடக்கம். நடுவில் டாக்டர் சான்று, ஃப்ரீசர் பெட்டி, ஆயருக்குத் தகவல், குழி வெட்ட ஆள், சவப்பெட்டி அளவு, பந்தல், வெளியூர் உறவுகளுக்குப் போன். மதுரை என்பதால் சுவரொட்டி வேறு. யார் யார் படம் எந்த வரிசையில் என்ற பஞ்சாயத்தே ஒரு மணி நேரம் எடுக்கும். மதியம் இரண்டு மணிக்குத்தான் "ஐயோ, சரித்திரம்" என்று ஞாபகம் வரும். கூட்டத்தில் கொஞ்சம் தமிழ் எழுதத் தெரிந்த மருமகனைப் பிடித்து உட்கார வைப்பார்கள். அவருக்குத் தெரிந்தது கடந்த இருபது வருஷம். அந்த அம்மா முதுமையில் கட்டிலில் இருந்த காலம் மட்டும் அவர் கண்ணில் இருக்கிறது. உழைத்த காலம் அவருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் முன்னாலேயே கல்லறைக்குப் போய்விட்டார்கள். அதனால் பேனா தானாகவே பேரப்பிள்ளைகள் பக்கம் ஓடுகிறது. அந்தத் தகவல்தான் கையில் இருக்கிறது.

இரண்டாவது, தப்பான ஆளிடம் தப்பான கேள்வி. "அம்மா எப்படிப்பட்டவங்க?" என்று மூத்த மகனைக் கேட்டால் "தங்கமானவங்க" என்றுதான் வரும். மகனை விட்டுவிட்டு, அவரோடு அடுப்படியில் நின்ற மருமகளைக் கேட்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரரை, தெருவில் காய் விற்கிற அம்மாவை, கூடப் படித்தவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரை. கேள்வியும் மாற வேண்டும். காலையில் எழுந்ததும் முதல் வேலை என்ன? வீட்டுக்குத் தெரியாமல் யாருக்குக் கொடுத்தார்? எதற்குக் கோபப்படுவார்? சமையலில் எதை மற்றவரிடம் விடமாட்டார்? பாமாலையில் எந்தப் பாட்டு, கீர்த்தனையில் எது? கடைசியாகக் கோயிலுக்கு நடந்து வந்தது எப்போது, பிறகு யார் அழைத்து வந்தது? இவற்றுக்கு வருகிற பதிலில் விசுவாசமும் இருக்கும், குடும்பமும் இருக்கும், சேவையும் இருக்கும். தனித்தனித் தலைப்பு போட வேண்டியதில்லை.

விசுவாசம் என்று வரும்போது எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கிறோம். சிலர் கணவர் இறந்த பிறகு இரண்டு வருஷம் கோயில் பக்கமே வராமல் இருந்தவர்கள். சிலர் கமிட்டியோடு சண்டை போட்டுப் பின்வரிசைக்குப் போனவர்கள். குடும்பத்தார் சம்மதித்தால் அது எழுதப்பட வேண்டும். அவர் திரும்பி வந்ததும் அதில்தானே இருக்கிறது. எழுதக் கூடாதவை வேறு: சொத்துத் தகராறு, இறந்தவர் யாரிடமும் சொல்லாமல் காத்த விஷயம், நோயின் விவரம், சாதி.

தேதிகள் மூன்றாவது பிரச்சினை. இதில்தான் படிவமும் கெடும் என்பதைக் கவனியுங்கள். நான்கு கட்டம் என்றாலும் வயது ஒரு கட்டம் அல்லவா? 1930களில் பிறந்தவர்களின் பள்ளிச் சான்றிதழ்த் தேதி பெரும்பாலும் வாத்தியார் வைத்த தேதி. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. உடனே ஜூன் மாதத்தில் ஒரு தேதி. ஆதாரும் பென்ஷன் புத்தகமும் அந்தத் தேதியையே பின்பற்றும். ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தால் ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கும். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் பதிவேட்டை நம்பலாம். பெரியவரான பிறகு குடும்பத்தோடு பெற்றவர் என்றால் அங்கேயும் சொன்ன வயதுதான். அப்போது சம்பவத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8. அன்றைய ஊர்ப் பேச்சு ஞாபகம் இருக்கிறது என்று சொன்னவர் அப்போது குறைந்தது ஐந்தாறு வயதுப் பிள்ளை. முதல் சம்பளம் அணாவில் வாங்கினேன் என்றால் நயா பைசா வந்த 1957 ஏப்ரலுக்கு முன். கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் வைகை அணை திறந்தார்கள் என்றால் கல்யாணம் 1958. தனுஷ்கோடிப் புயலில் பிள்ளை கையில் இருந்தது என்றால் 1964 டிசம்பர். நம் சபைக்கே உரிய கணக்கு ஒன்றும் உண்டு. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்கன் மிஷன் வழிச் சபைகளில் 1947க்கு முன் பேராயர் (பிஷப்) கிடையாது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்திய திருச்சபை உருவான பிறகுதான் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்துக்கு லெஸ்லி நியூபிகின் முதல் பேராயராக வந்தார். 1959 வரை இருந்தார். "வெள்ளைக்காரப் பேராயர் என் தலையில் கை வைத்துத் திடப்படுத்தினார்", அதாவது சபையின் முழு அங்கத்தினராக்கினார், என்று ஒரு பாட்டி சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பன்னிரண்டு வருஷத்துத் திடப்படுத்தல் பதிவேட்டை.

பெயர்க் குழப்பம் தனி. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதால் ஒரே குடும்பத்தில் மூன்று சாமுவேல் வரும். ஒருவர் இனிஷியலை "எஸ்." என்பார், தம்பி "சா." என்பார், இருவரும் ஒரே அப்பா பிள்ளைகள். பெண்களுக்கு இதைவிட மோசம். ஞானஸ்நானத்துக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது. பழைய அடக்கப் பதிவேட்டில் "இன்னார் மனைவி" என்று மட்டும் எழுதி, சொந்தப் பெயரே இல்லாத பக்கங்கள் இருக்கின்றன. கல்லறைக் கல்லிலும் அப்படியே. அவர் பெயரைக் கண்டுபிடிக்கத் திருமணப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். அங்கே மணமகளும் சாட்சிகளும் போட்ட கையெழுத்து இருக்கும், அல்லது பெருவிரல் ரேகை. ரேகை வைத்த மணமகள் பின்னாளில் ஐக்கியக் கூட்டத்தில் வேதபாகம் வாசித்தார் என்றால், நடுவில் யாரோ அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோவும் நம் சபையில்தான் எங்கேயோ அடக்கமாகியிருப்பார்.

வீட்டில் தேட வேண்டியவையும் உண்டு. வேதாகமத்தின் முதல் வெற்றுத் தாள். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் அங்கேதான் எழுதியிருப்பார்கள். உள்ளே பென்சிலால் கோடிட்ட வசனத்தின் ஓரத்தில் தேதி இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் வீட்டில் என்ன நடந்தது என்று மருமகளைக் கேட்டால் பாதிச் சரித்திரம் வந்துவிடும். ஆசிரியராக இருந்தவர் என்றால் பணிப் பதிவேட்டு நகல், எந்த ஊர்ப் பள்ளிக்கு எப்போது மாற்றல் என்று சொல்லும். போட்டோவின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை. டிரங்குப் பெட்டியின் அடித்தாளாக விரித்த பழைய கல்யாணப் பத்திரிகை. துஷ்டி வீட்டைக் கழுவிவிடும் அவசரத்தில் முதலில் குப்பைக்குப் போவது இந்தக் காகிதங்கள்தான்.

நீளத்துக்கு வழி சுலபம். துக்க வீட்டில் நிறுத்தி வாசித்தால் நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு சொல் போகும். ஐந்து நிமிடம் என்றால் நானூற்றைம்பது சொல்லுக்கு மேல் எழுதக் கூடாது. வாரிசுகளுக்கு அதில் நாற்பது சொல்: பிள்ளைகளின் பெயர், பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கை. வேலையும் ஊரும் வேண்டாம். பதினாறு புள்ளி எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த இரண்டு பிரதி. வாசிப்பவர் பேரனாக இருந்தால் பாதியில் தொண்டை அடைத்துவிடும். இரண்டாவது பிரதியோடு இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். வாசிக்கும் இடம் இரண்டாவது பாட்டுக்குப் பின், போதனைக்கு முன். ஆயர் பிரசங்கத்தில் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளவும் முடியும். பல ஆயர்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள், அந்த அடக்கங்கள்தான் சபையாருக்கு ஞாபகத்தில் நிற்கின்றன.

மாத இதழின் கட்டணத்தைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. பணம் இருக்கிற வீட்டின் மூன்று மாத நோயாளிக்கு வண்ணத்தில் முழுப் பக்கம். நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்திய, பென்ஷன் இல்லாத ஒருவருக்கு நான்கு வரி. இந்த இதழை ஒருநாள் யாராவது எடுத்துப் பார்த்தால் நம் சபையில் பெரியவர்கள் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்? விளம்பரம் வேண்டுமென்றால் கடைக்காரர்களிடம் வாங்குங்கள்.

யாருடைய காகிதம் நிலைக்கிறது என்பதற்கு நம் மிஷன் வரலாறே சாட்சி. இங்கே வந்து போன மிஷனரிகளின் கடிதங்களும் அறிக்கைகளும், அவர்களை அனுப்பிய அமெரிக்கன் போர்டு என்ற சங்கத்தின் ஆவணங்களோடு ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இவா ஸ்விஃப்ட் அம்மையார் தொடங்கிய ரட்சண்யபுரத்து லூசி பெரி நோபிள் பள்ளியில் பயிற்சி பெற்றுத் தெருத்தெருவாக நடந்து, வீட்டுத் திண்ணையிலும் உள்கட்டிலும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பைபிள் பெண்களைப் பற்றி எத்தனை பக்கம் நம் கையில் இருக்கிறது? மிஷன் அறிக்கைகளில் அவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாக வருவார்கள். அந்தக் குறையை வெளிநாட்டார் மேல் போடுவதில் அர்த்தமில்லை. இப்போது பதிவேடு நம் கையில். அதே வேலையை நாமே படிவம் அடித்துச் செய்கிறோம்.

பதிவேடுகளின் நிலைமையையும் சொல்லியாக வேண்டும். சபைப் பதிவேடுகள் இருக்கும் இரும்பு பீரோ, கழிவறைச் சுவரை ஒட்டி நிற்கிறது. ஐப்பசி மழையில் அந்தச் சுவர் ஓதம் காக்கிறது. பீரோவின் அடித்தட்டு நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. இராமபாணப் பூச்சி அரித்த பக்கங்களில் பெயரின் முதல் எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. கிழிந்த பக்கங்களுக்கு யாரோ நல்லெண்ணத்தில் செல்லோடேப் ஒட்டியிருக்கிறார்கள். அது நாளாவட்டத்தில் மஞ்சளாகி, பசை இறங்கி, எழுத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உரியும். லேமினேஷன் செய்யலாம் என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. தயவுசெய்து வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. பழைய மையில் இருக்கும் அமிலம் உள்ளேயே இருந்து தாளைத் தின்னும்.

செய்ய வேண்டியது செலவில்லாதது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தி, காலுக்குக் கீழே கட்டை கொடுங்கள். நோட்டுகளை நிமிர்த்தி அடைக்காமல் படுக்க வைத்து, பிரிந்தவற்றை வெள்ளைப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், அது உருகித் தாளில் ஒட்டும். ஒட்டிய பக்கங்களைப் பிய்க்காமல் நிழலில் விசிறிக் காற்றில் காயவிட்டுப் பிறகு பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்தால் போதும். படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது சுருக்கிவிடும், பென்சில் எழுத்து போய்விடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயரில் பதிவேடு, வருஷம், பக்க எண் மூன்றும் இருக்க வேண்டும். இரண்டு பிரதி இரண்டு இடத்தில், ஒன்று கோயில் வளாகத்துக்கு வெளியே. சரித்திரங்களுக்கும் ஒரு பொல்லாத சிக்கல் உண்டு. பழைய டி.டி.பி. சென்டர்களில் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகளை இப்போது திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகின்றன. அவற்றை மாற்றிவிடலாம், மாற்றியதை ஒருவர் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். இனி எல்லாம் யூனிகோடில்.

எங்கள் கோரிக்கைகள்:

அறிவிப்புப் பலகையில் ஒட்டிய முடிவை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் திரும்பப் பெறுங்கள். ஐந்து நிமிடம், நானூற்றைம்பது சொல் என்ற வரம்பை அதற்குப் பதிலாக அறிவியுங்கள். வரம்பு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், முன்னாள் கமிட்டித் தலைவர் வீடானாலும் சரி. படிவத்தை வேண்டுமானால் அடக்கப் பதிவேட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "தொழில்" என்பதோடு "சபையிலும் ஊரிலும் செய்த பணி" என்று ஒரு கட்டமும், பெண்களுக்குச் சொந்தப் பெயர், தாய் தந்தை பெயர் எழுத இடமும் வேண்டும்.

எழுபத்தைந்தும் அதற்கு மேலும் வயதானவர்களின் பட்டியலைச் சபைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுங்கள். பெண்கள் ஐக்கியத்திலும் வாலிபர் ஐக்கியத்திலும் இருந்து இருவர் இருவராக அனுப்பி, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுத நாங்கள் பொறுப்பெடுத்துக்கொள்கிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். தேவையானால் இரண்டாம் முறை போகலாம். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்பதை அடித்துவிட்டு, ஒரு பிரதியை வீட்டிலும் ஒன்றை உறையிட்டுச் சேகர அலுவலகத்திலும் வைப்போம். படுக்கையில் இருப்பவர்கள், காது மங்கியவர்கள் வீட்டுக்கு முதலில். மறதி தொடங்கியவர்களிடம் காலை நேரத்தில், பழைய போட்டோவைக் கையில் கொடுத்துப் பேச வேண்டும்.

மாத இதழில் இறந்தோர் பக்கத்துக்குக் கட்டணத்தை எடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு இடம், கறுப்பு வெள்ளைப் படம்.

பீரோவை ஐப்பசிக்கு முன் நகர்த்துங்கள். பதிவேடுகளைப் படமெடுக்க இரண்டு சனிக்கிழமை அலுவலகச் சாவியை, கமிட்டி அங்கத்தினர் ஒருவர் முன்னிலையில், தாருங்கள். எந்த நோட்டும் வெளியே போகாது.

கடைசியாக, அந்த அம்மாவின் அடக்கப் பதிவில் தொழில் என்ற இடத்தைத் திருத்துங்கள். அடித்து எழுத வேண்டாம். பதிவேட்டில் அடிக்கக் கூடாது. ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பாக, பெண்கள் ஐக்கியப் பிடி அரிசிப் பொறுப்பாளர், சபையின் இறந்த பெண்களை உடுத்தியவர் என்று எழுதி, ஆயர் கையெழுத்தும் தேதியும் போட்டால் போதும். நாற்பதாம் நாள் ஜெபக் கூட்டத்தில் வாசிப்பதற்கு அவருடைய சரித்திரம் ஐந்து நிமிட அளவில் எங்களிடம் தயாராக இருக்கிறது. வாசிக்க அனுமதி உண்டா, இல்லையா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
சேகரத்துச் சபையார் சிலர்,
மதுரை.